இரவல் சக்கரத்தில் வந்த தாலி

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் வெட்கம் வரும். அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிடும்.

எங்களுக்குச் சொந்த ஊர் பழனி. என் ஒரே தம்பிக்குச் செண்பகனூரில் பெண் எடுத்திருந்தோம். கல்யாணமும் அங்கேயே ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளையும் சொந்தபந்தங்களும் முதல் நாளே மேலே போய்விட்டார்கள். நானும் என் கணவரும், துணைக்குச் சித்தியும் பெரியம்மாவும் மட்டும் பழனியில் தங்கிவிட்டோம். காரணம், எங்கள் குடும்பத்தில் முகூர்த்தத்தன்று காலையில் தாலியை மலைக்கோயிலில் வைத்துப் பூஜை செய்து வாங்கிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போவோம். கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போட வேண்டும். ஆக, தாலியும் என் கையில், முடிச்சும் என் கையில். நான் போய்ச் சேராமல் கெட்டிமேளம் கிடையாது. அந்தப் பெருமையில் ஒரு வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெருமைதான் வம்பை இழுத்து வந்தது. எங்களுடையது பழைய சின்னக் கார். பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பளபளவென்று ஒரு வண்டியில் வந்து இறங்கினார்கள். அதன் சக்கரங்கள் வெள்ளிக் கிண்ணம் போல மின்னின. அன்றிலிருந்து என் கண் எங்கள் காரின் இரும்புச் சக்கரத்தை விட்டு நகரவில்லை. தெரிந்த ஒருவர் தன்னிடமிருந்த அலாய் வீல் நான்கையும், அகலமான டயரோடு கொடுப்பதாகச் சொன்னார். வழக்கமாகப் போகும் டயர் கடைக்காரரிடம் என் கணவர் யோசனை கேட்டார். கடைக்காரர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார்.

"இதுல போட்டிருக்கிற சைஸ்தான் சார் இந்த வண்டிக்கு. அகலம் கூடுனா, பாரம் ஏத்துறப்ப பாடியில உரசும்."

தன்னிடம் வாங்கவில்லை என்ற வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். என் கணவர் ஒரு விஷயத்தை என்னிடம் ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாவது தடவை சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பழைய சக்கரங்களை மாற்றாகக் கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டினோம். ஸ்டெப்னி மட்டும்தான் பழசு. டயருக்குக் கறுப்பு பாலிஷ் வேறு போட்டு, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஊருக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் வந்தவரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை பூஜை முடிந்து கீழே இறங்கியதும் வண்டியில் பாரம் ஏற ஆரம்பித்தது. பின்சீட்டில் சித்தியும் பெரியம்மாவும். டிக்கி நிறையப் பஞ்சாமிர்த டப்பாக்கள். கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தாம்பூலப் பையில் ஒரு டப்பா போட வேண்டும் என்பது என் ஏற்பாடு. பழனிக்காரர்கள் பஞ்சாமிர்தம் இல்லாமல் வந்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! டிக்கியில் அடங்காதது கால் வைக்கும் இடத்துக்கும் வந்தது. வண்டியின் பின்பக்கம் நன்றாகவே அமுங்கியிருந்தது. என் கணவர் குனிந்து பார்த்தார். "ஏறுங்க, நேரமாச்சு" என்றேன். ஏறிவிட்டார்.

மலை ஏறத் தொடங்கியதும், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பின்னால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். டப்பாக்கள்தான் உரசுகின்றன என்று முடிவு செய்து, பெரியம்மாவிடம் துண்டைக் கொடுத்து நடுவில் சொருகச் சொன்னேன். அடுத்த வளைவிலும் சத்தம்.

"சத்தம் வளைவுல மட்டும்தான் வருது" என்றார் கணவர்.

"வளைவுலதானங்க டப்பா சாயும்?" என்றேன். அவர் கியரை மாற்றினார். எனக்கு ஒரே பெருமை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ரப்பர் கருகும் வாசம் வந்தது. முன்னால் போன லாரியின் மேல் பழியைப் போட்டேன். லாரி ஓரம் கட்டி வழிவிட்ட பிறகும் வாசம் எங்களுடனேயே வந்தது. அதற்கு என்னிடம் காரணம் இல்லை என்பதால் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

பேத்துப்பாறைக்குப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சித்திக்குக் குமட்டியது. அங்கே ஒரு டீக்கடை. பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை, அதை ஒட்டி ஒரு மெக்கானிக் ஷெட். வண்டியை நிறுத்தினோம். ஷெட் வாசலில் எங்கள் காரைப் போலவே, அதே மாடல் கார் ஒன்று, முன்பக்கம் திறந்தபடி நின்றது. அதன் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். பக்கத்தில், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் காய்கறிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"அக்கா, பின்னாடி டயர் உரசுதுங்க. ஒருக்கா பாத்துருங்க."

"புது செட்டுங்க. போன மாசம்தான் மாட்டுனோம்" என்றேன், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவர் டீயைத் தொடர்ந்தார். அதற்குள் என் கணவர் பஞ்சர் கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அவர் குரங்குக் குல்லா போட்ட, நிதானமான மனிதர். பாரத்தை இறக்கச் சொல்லி, ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைச் சுற்றிக் கையால் தடவினார். பிறகு என்னையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். டயரின் ஓரம் கத்தியால் சீவியது போல் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. டயரின் பக்கவாட்டில் சின்னதாக அச்சிட்டிருந்த நான்கு எண்களை அவர் விரலால் காட்டினார்.

"கடைசி ரெண்டு நம்பரு டயர் செஞ்ச வருசம். படிச்சுப் பாருங்கக்கா."

படித்தேன். என் மகன் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. அவன் இப்போது மீசையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்தில் பந்தி கவனித்துக்கொண்டிருக்கிறான்.

"பாலிஷ் போட்டா கறுப்பாத்தாங்க இருக்கும். ரப்பர் செத்துப்போச்சு. இதோட இன்னும் ரெண்டு வளைவு தாங்குமா, நாலு வளைவு தாங்குமான்னு சொல்ல முடியாது. இதுக்கு நான் காத்துகூட அடிச்சுத் தர மாட்டேன்" என்றார்.

சாலையோரத் தடுப்புச் சுவருக்கு அப்பால் பள்ளம். அதை அதுவரை நான் அழகான காட்சி என்றுதான் பார்த்து வந்தேன். இப்போது இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை. போனது இரண்டு டயர், ஸ்டெப்னி இருப்பது ஒன்று. எங்கள் அளவில் பஞ்சர் கடையில் டயர் இல்லை. சீசனும் முகூர்த்தமும் சேர்ந்த நாள் என்பதால் ஜீப்பெல்லாம் வெள்ளனே கிளம்பிப் போய்விட்டதாம். வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள். தம்பிக்குப் போன் போட்டேன்.

"எங்கக்கா இருக்கீங்க? ஐயர் தாலியக் கேக்குறாருக்கா" என்றான். விஷயத்தைச் சொன்னேன். மேலிருந்து வேன் அனுப்பினாலும் டிராஃபிக்கில் இறங்கி ஏற முகூர்த்தம் முடிந்துவிடும் என்றான். போனை வைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்தப் பெண் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் நெஞ்சோடு அணைத்திருந்த மஞ்சள் பையைப் பார்த்து, "என்னக்கா அது?" என்று கேட்டார்.

"என் தம்பி கட்டப்போற தாலிங்க" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பஞ்சர் கடைக்காரரிடம், "ஏண்ணே, என் வண்டிச் சக்கரத்தைக் கழட்டி இவுகளுக்கு மாட்டி விடுங்க. ரேடியேட்டர் ரெடியாகி வார வரைக்கும் என் வண்டி எங்கிட்டும் போகப்போறதில்ல. சக்கரம் சும்மாதான கெடக்கு" என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் இரண்டு கார்களும் ஒரே மாடல் என்பது நினைவுக்கு வந்தது. பேத்துப்பாறையிலிருந்து கேரட்டும் பட்டர் புரூட்டும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர் அவர். தினமும் மலையில் ஓடும் வண்டி என்பதால், கணக்கான அளவில், நான்கும் புது டயராக அப்போதுதான் மாட்டியிருந்தார். பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா என்று கடைக்காரர் கேட்டார்.

"முன்னாடி இருக்கதும் அதே கெழட்டு டயர்தானண்ணே? இந்த ரோட்டுல ரெண்டு ஒரு தினுசு, ரெண்டு ஒரு தினுசுன்னு போகக் கூடாது. நாலையும் மாட்டுங்க."

அதன்பின் அங்கே நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். மெக்கானிக் ஒரு பக்கம், பஞ்சர் கடைக்காரர் ஒரு பக்கம், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய என் கணவர் நடுவில். டீக்கடைக்காரர் அந்தப் பெண்ணின் காருக்கு முட்டுக் கொடுக்கக் கல் தூக்கி வந்தார். நான் பட்டுச்சேலை முந்தானையில் நட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். அலாய் நட்டு இரும்புச் சக்கரத்தில் சரியாக உட்காராது என்று, அவர் வண்டி நட்டுகளையே போட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினார்கள். முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று, நான் சட்டை செய்யாத அதே ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் காற்று அடித்தார்கள். பஞ்சாமிர்தத்தில் பாதியை டீக்கடையில் இறக்கி, அங்கிருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தோம். மீதியைப் பஸ்ஸில் போட்டு அனுப்புவதாகச் சொன்ன டீக்கடைக்காரர், சொன்னபடியே அனுப்பியும் விட்டார்.

ஊர் பேர் தெரியாத எங்களை நம்பி அந்தப் பெண் நான்கு புது டயரைத் தருகிறாரே என்று, கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"தாலியக் கையில வெச்சுக்கிட்டு டயரத் தூக்கிட்டு ஓடவா போறீக? வெரசா ஏறுங்கக்கா!"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் வரணும். வராட்டி நான் ஏற மாட்டேன்" என்றேன். தாலியைக் கையில் வைத்திருப்பவள் செய்கிற மிரட்டலா இது! எல்லோரும் சிரித்தார்கள். ஸ்வெட்டரும் செம்மண் ஒட்டிய செருப்புமாக எப்படி வருவது என்று அவர் தயங்கினார். கடைசியில், "வேற சோலியும் இல்ல, வாரேன்" என்று சித்திக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் ஏறிக்கொண்டார். சக்கரம் இல்லாமல் கல்லின் மேல் நின்ற அவருடைய காரைப் பார்த்துப் பஞ்சர் கடைக்காரர், "சக்கரமும் ஓனரும் கல்யாணத்துக்குப் போறாக, வண்டி மட்டும் வீட்டுக் காவலு" என்றார்.

அடுத்த வளைவில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மா கை தட்டினார். பெருமாள்மலையில் வண்டிகள் ஊர்ந்த கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகம். பதினொன்று ஐந்துக்கு மண்டப வாசலில் போய் நின்றோம். பெண் வீட்டார் ஓடி வந்தார்கள். ஒருவர்கூடச் சக்கரத்தைப் பார்க்கவில்லை. மூடிகூட இல்லாத, சேறு படிந்த கறுப்பு இரும்புச் சக்கரங்கள் அவை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவற்றைவிட அழகான பொருள் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட, நான் மற்ற இரண்டையும் போட்டேன். நிமிர்ந்தபோது, பட்டுச்சேலைகளுக்கு நடுவே அந்த ஸ்வெட்டர் தெரிந்தது. எங்கள் சித்தியைவிட அதிகமாக அட்சதை தூவிக்கொண்டிருந்தார். பந்தியில் பெண் வீட்டார் ஒருவர், இவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "எங்க காருக்குச் சம்பந்தி!" என்றார். பந்தியே குலுங்கிச் சிரித்தது.

அன்று மாலையே கொடைக்கானலில் சரியான அளவில் இரும்புச் சக்கரமும் புது டயரும் வாங்கினோம். மறுநாள் அந்தப் பெண்ணின் சக்கரங்களைத் திருப்பி மாட்டிக் கொடுத்து, பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் கல்யாணப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே கழற்றிப் போட்ட பழைய டயர்களை வேறு யாரும் மாட்டிவிடக் கூடாது என்று பஞ்சர் கடைக்காரர் கத்தியை எடுத்தார். நாலையும் என் கண் முன்னாலேயே வெட்டச் சொன்னேன்.

இப்போதெல்லாம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் டயரில்கூட அந்த நான்கு எண்களைக் குனிந்து படிக்கிறேன். என் மகன் தெரியாதவன் போல் தள்ளி நடக்கிறான். கல்யாண வீடியோவைப் போடும்போதெல்லாம், இரண்டு முடிச்சையும் நான் போடுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முகம் கொடுத்துக்கூடப் பேசாத ஒருத்திக்காகத் தன் வண்டியைக் கல்லின் மேல் நிறுத்திவிட்டு வந்தாரே, அந்த முடிச்சுகளில் ஒன்று என் கணக்கில் அவருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்.