பஸ்லினாவிடம் வரும் குப்பிகள்

மூன்றாவது முறை எழுதி எடுத்த உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பட்டம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்ட சாச்சாமாரை மீறிக் கண்டி ஆய்வுகூடமொன்றில் வேலை. இவ்வளவையும் வென்ற என் தங்கை பஸ்லினா, வேலை விட்டு வந்து ஹபாயாவைக் கூடக் கழற்றாமல், யாரோ நீட்டிய குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கொஞ்சம் இரிங்க, மூச்சு விட்டுக்கொள்றேன்" என்பாள். ஆனால் குப்பியைக் கீழே வைக்கமாட்டாள்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட. போனில் பார்த்துப் பெப்டைட் என்னும் ஊசிமருந்து வாங்கியவர்கள் இங்கே வருகிறார்கள். உடம்பு ஏற்றப் பார்க்கும் ஜிம் பொடியன்மார், கல்யாணத்துக்கு முன் உடம்பு குறைக்கப் பார்க்கும் பெண்கள். விரலளவுக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி, கூடவே ஓர் ஆய்வுகூடச் சான்றிதழ். பொடியைக் கரைத்து ஊசியால் ஏற்றுவார்களாம்.

அவள் முதலில் இலக்கத்தைத்தான் பார்ப்பாள். குப்பியில் உள்ள தொகுதி இலக்கம் சான்றிதழிலும் இருக்கிறதா? சோதித்ததாகச் சொல்லும் ஆய்வுகூடத்தின் தளத்தில் அந்தச் சான்றிதழ் கிடைக்கிறதா? வேறொருவர் கொண்டுவந்த சான்றிதழிலிருந்த சோதனை வரைபடத்தையே இதிலும் ஒட்டியிருக்கிறார்களா?

"தொண்ணூத்தொம்பது வீதம் சுத்தம் எண்டு போட்டீக்குதே?" என்று கேட்டான் ஒரு பொடியன்.

"சுத்தம் வேற, அளவு வேற தம்பி. ஒரு கரண்டி சீனியும் சுத்தம்தான், ஒரு மூட சீனியும் சுத்தம்தான். உள்ளுக்கு எவ்வளவு ஈக்குது எண்டு தெரியாம மலிவு எண்டு எப்படிச் சொல்ற?"

"பொடி நெறய ஈக்குதே?"

"நெறயக் காட்ட வேற சாமானும் சேப்பாங்க. கிருமி இல்ல எண்டும் இந்தப் பேப்பர் சொல்லல்ல. எனக்குத் தெரியாது. ஏத்த வாணாம்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பெரும்பாலும் அப்படித்தான். 'நல்லம்' என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

வாயால் சொல்வாள், போனில் குரல் பதிந்தும் அனுப்புவாள்; எழுத்தில் மட்டும் அவள் எதையும் கொடுத்ததில்லை. வெளியே தன் பெயரில் அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும்; ஆய்வுகூடத்தின் விதி அது. உள்ளேயும் சோதிப்பது அவள், கையொப்பமிடுவது மேலதிகாரி. அவளுடைய படிப்புச் சான்றிதழ்களை வருட வரிசையில் என் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். அவள் செய்த ஓர் அறிக்கையில் கூட அவள் பெயரை நான் கண்டதில்லை.

போன செப்டெம்பரில் பக்கத்து வீட்டு மஸீனா குப்பியும் ஊசியுமாக வந்தாள். "ஒங்கட குரலக் கேட்டுத்தான் வாங்கினேன். நாளைக்கு ஏத்தப் போறேன். எப்படிக் கரைக்கிற எண்டு மட்டும் சொல்லுங்கோ."

போனைக் காட்டினாள். திகனயில் பெப்டைட் விற்கும் ஸிபானின் இணையப் பக்கம். பஸ்லினாவின் குரல்: "பேப்பர் உண்மையானதுதான், நானே தேடிப் பாத்தேன்."

அவ்வளவுதான். ஸிபான் விசாரித்தபோது அவள் அனுப்பிய குரல் பதிவின் மிச்சம் அதில் இல்லை: "ஆனா குப்பில ஈக்கிறது வேற இலக்கம். இது வேற சரக்குக்குரிய பேப்பர். யாருக்கும் விக்காதீங்க."

பஸ்லினா கதிரையில் உட்கார்ந்து அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டாள். மஸீனாவின் கையிலிருந்து ஊசியை வாங்கி வைத்துவிட்டு ஸிபானை அழைத்தாள்.

"நான் பொய் ஒண்டும் போடல்லியே ராத்தா! நீங்க சொன்னதுதானே?"

"இன்னும் ஆருக்கெல்லாம் குடுத்தீங்க?"

போனை வைத்துவிட்டான்.

"மறுபடி ஒரு வொய்ஸ் போடு" என்றேன்.

"அதையும் வெட்டுவான் ராத்தா. எழுதித்தான் குடுக்க வேணும்."

"எழுதினா வேல போயிடுமே?"

"தெரியும்." கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'ஸிபான் விற்கும் இந்தக் குப்பிக்கு அவர் காட்டும் சான்றிதழ் உரியதல்ல. இதற்குள் என்ன, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. யாரும் ஏற்ற வேண்டாம்.'

கையொப்பத்தைக் கீழே போடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், எழுத்துகளின் குறுக்கே, தன் முழுப்பெயரையும் சரித்து இழுத்தாள்.

"இனி வெட்டினா எண்ட பேரும் சேந்து வெட்டுப்படட்டும்."

மஸீனா படமெடுக்கப் போனைத் தூக்கினாள். "பொறுங்கோ, திகதி இல்லாட்டிப் பழசு எண்டு சொல்லுவான்" என்று பஸ்லினா தடுத்து, பெயர் முடிந்த இடத்தில் எழுதினாள்: 2025 செப்டெம்பர் 9.