குடுமியான்மலைக்கு இரண்டு மைல் முன்னால்

காலை ஒன்பதே காலுக்கு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து குடுமியான்மலை பஸ் புறப்பட்டது. டிக்கெட் ஏழணா. தூரம் ஏறக்குறைய பன்னிரண்டு மைல். நான் சென்னையில் பெண்களுக்கு வீணை சொல்லித்தருகிறவள். குடுமியான்மலைப் பாறையில் சுரங்களைக் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அந்த எழுத்துகளை ஒரு முறையாவது விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எழுத்தில் படிந்த தூசியைத் துடைக்க இரண்டு கஜம் மல் துணியைப் பையில் மடித்து வைத்திருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் செம்மண்ணும் பாறையும்தான். கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு கண்மாயின் நடுவில் பெண்கள் குழி தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீரைச் சுரண்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான், "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "இது பரவாயில்லம்மா. சித்திரை முடியட்டும், இதுவும் இருக்காது" என்றார் அவர்.

பத்தேகாலுக்கு, குடுமியான்மலைக்கு இரண்டு மைல் இருக்கும்போது, ஒரு புளியமரத்தடியில் பஸ் நின்றது. "ரேடியேட்டர் கொதிக்குது. ஆறினாத்தான் கெளம்பலாம். அங்கிட்டு வடை நல்லாருக்கும், சாப்பிட்டு வாங்க" என்றார் டிரைவர். கீற்றுக் கொட்டகைக்குள் முப்பது வயதுள்ள ஒரு பெண் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பஞ்சவர்ணம். இலையில் இரண்டு வடை வைத்து, கொஞ்சம் தண்ணீரை அளந்து ஊற்றினாள். "தண்ணி மட்டும் ரெண்டாந்தடவ கேக்காதீங்க. அங்க கெணறு வெட்டுறாக. எம் வீட்டுக்காரருந்தான் உள்ள எறங்கி வெட்டுறாரு. ஊத்து வந்துட்டா இந்தப் பஞ்சம் தீந்துரும்" என்றாள்.

நான் ஒரு வடையைத்தான் தின்றிருப்பேன். வயல் வரப்பில் ஒருவர் ஓடி வந்தார்.

"பஞ்சவர்ணம்! கெணத்துல பாறை சரிஞ்சு ஒம் புருசன் கருப்பையா காலு மாட்டிக்கிருச்சு! ஊத்து பீறிக்கிட்டு வருது. இன்ஜினும் நிக்கப்போவுது, எண்ண இல்ல!"

அவள் அலறவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தகரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். வடை சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெய் அது, கறுத்துப்போய், அடியில் பருப்புத் தூளோடு. புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பையை அள்ளிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். டிரைவரும் பயணிகளும் வந்தார்கள்.

கிணறு இருபத்தைந்து அடி ஆழம் இருக்கும். எட்டிப் பார்த்தேன். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதர் சாய்ந்து நின்றார். ஒரு கால் பாறைக்கு அடியில். இரண்டு பேர் கடப்பாரையோடு அவரருகே நின்றார்கள். கலங்கிய தண்ணீரில் பாறையின் விளிம்பு அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அரை மணிக்கு முன்பு கொட்டாங்கச்சியால் தண்ணீர் சுரண்டுவதைப் பார்த்த அதே சீமையில், ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் சாகப்போகிறார். இதை என் மனம் ஏற்கவே மறுத்தது.

கிணற்றின் பக்கவாட்டில், சில அடி ஆழத்தில் ஒரு கல்மேடை. அதன்மேல் ஆயில் இன்ஜின் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதை வாடகைக்கு விட்டிருந்தவர் சிதம்பரம் என்பவர். சரிந்த கல் ஒன்று விழுந்து இன்ஜினுக்கு ஊற்ற வைத்திருந்த அவருடைய குரூடாயில் டின் நசுங்கி, இருந்ததெல்லாம் மண்ணில் ஓடிவிட்டது. வாங்கிவர சைக்கிளில் ஆள் போயிருக்கிறான். அவன் புதுக்கோட்டை போய்த் திரும்ப மத்தியானம் ஆகிவிடும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அந்த அமைதியைப் போல் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை. தண்ணீர் ஊறும் சத்தம் மேலே வரை கேட்டது.

பஞ்சவர்ணம் தகரத்தை நீட்டினாள். "இந்தாங்கண்ணே, எண்ண."

சிதம்பரம் அவளை வெறித்துப் பார்த்தார். "ஏத்தா, இது வடை சுட்ட எண்ண. இன்ஜினுக்கு இதெல்லாம் ஆகாது. எண்ண பீச்சுற நாசில் அடைச்சுக்கிட்டா இன்ஜினே போயிரும்."

"எரியுமா, எரியாதா?"

"எரியும்... கெட்டியா இருக்கேத்தா. உள்ள எறங்காது."

"அப்ப சூடு பண்ணி ஊத்துங்க. வேற என்ன வச்சிருக்கீங்க, சொல்லுங்க!"

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே கருப்பையாவின் மார்புக்கு வந்துவிட்டது தண்ணீர். ஓர் உயிர் போகும்போது இவர் இரும்புக்காகத் தயங்குகிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "ஐயா, ஊற்றுங்கள்!" என்று நானே கத்திவிட்டேன். அவர் திரும்பிய முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது, அவர் கண்ணிலும் நீர். "அடைச்சுக்கிட்டு ஓடலைன்னா என்னம்மா செய்யிறது? இந்த இன்ஜின் ஒண்ணுதான இருக்கு" என்றார். அவர் பயந்தது இன்ஜினுக்காக மட்டும் அல்ல.

பிறகு அவர் கை வேகமாக வேலை செய்தது. "வடிகட்டத் துணி குடுங்க!" என்றார். என் மல் துணியை உருவி நீட்டினேன். டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, பஞ்சவர்ணம் எண்ணெயை ஊற்றினாள். சுள்ளி மூட்டிச் சூடு பண்ணினார்கள். டிரைவர் ஓடிப்போய் பஸ்ஸில் தொங்கிய அரிக்கேன் விளக்கிலிருந்து மண்ணெண்ணெயைக் கொட்டி எடுத்து வந்தார். இரண்டையும் கலந்து சிதம்பரம் டேங்கில் விட்டார். எண்ணெய்க் குழாயின் திருகைத் தளர்த்தி உள்ளே நின்ற காற்றை வெளியேற்றிவிட்டு, ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார்.

ஓடவில்லை. மறுபடியும் சுற்றினார். புகை மட்டும் வந்தது. கீழே இருந்து யாரோ, "கழுத்துக்கு வந்துருச்சு!" என்று கத்தினார்கள். டிரைவரும் ஹேண்டிலில் கை கொடுத்தார். மூன்றாம் தடவை சுற்றியபோது இன்ஜின் ஒரு முறை வெடித்தது, அடுத்து இன்னொன்று, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. குழாய் வழியாகக் கலங்கல் தண்ணீர் வயலில் பாய்ந்தது. கறுப்பாகப் புகை எழுந்தது. மெட்ராஸில் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் வருமே, அந்தப் பலகார வாசனை. அந்த வாசனையை முகர்ந்தபடி ஒரு உயிருக்காக நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். நடப்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

இன்ஜின் நடுநடுவே திக்கியது. திக்கும் ஒவ்வொரு முறையும் பஞ்சவர்ணம் என் மணிக்கட்டை இறுக்கினாள். கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் கழுத்திலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து இடுப்புக்கும், பிறகு முழங்காலுக்கும் இறங்கியது. பாறை விளிம்பு தெரிந்ததும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கருப்பையா போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. கயிற்றில் கட்டி அவரை மேலே தூக்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் ஒரு கோணலாகத் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மனைவி புடவைத் தலைப்பைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினாள்.

டிரைவர் யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸைத் திருப்பினார். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நீளச் சீட்டில் கருப்பையாவைப் படுக்க வைத்து, எல்லோரும் நின்றுகொண்டே புதுக்கோட்டைக்கு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆனால் கூடிவிடும் என்றார். மாவுக்கட்டுப் போட்டு வார்டில் கிடத்தினார்கள். அன்று மாலையே எனக்கு ரயில். கல்வெட்டைப் பார்க்காமலே திரும்புவது எனக்கு அப்போது ஒரு குறையாகவே தோன்றவில்லை. விடைபெற்றுக்கொள்ளக் கட்டிலருகே போனேன்.

நாளெல்லாம் கண்ணீர் விடாத பஞ்சவர்ணம், புருஷன் கண் திறந்ததும் குனிந்து அவர் முகத்தருகே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, தண்ணி எப்படி? உப்பா, நல்ல தண்ணியா?"

என் காதையே நம்ப முடியாமல் நின்றேன். சாகவிருந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னார்:

"வாய் வரைக்கும் வந்துச்சுல்ல புள்ள... குடிச்சுப் பாத்தேன். நல்ல தண்ணி. எளநி கணக்கா இருக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

ரயில் திருச்சி நோக்கி நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் அரை மணி தாமதமாக வந்தால் நான் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சலித்துக்கொள்வேன். அது எந்தக் கிணற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து வருகிறது, யார் இறங்கித் தோண்டினார்கள் என்று இந்த முப்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.