சோளத்துக்கு மேலே தொங்கிய பாட்டு

என் மனைவியின் தகப்பனார் பாடிவைத்த பாட்டைப் பாதியில் அறுத்தவன் நான். அறுத்துவிட்டு, அந்தப் பழியை அவள் தலையிலேயே கட்டிவிட்டவனும் நான்தான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் எங்கள் ஒழுங்கை, இந்தக் குறுகிய தெருப் பக்கம் வரப்போவதில்லை. வந்தாலும் என் மனைவி ராணியை உங்களுக்கு அடையாளம் தெரியாது. கோழைகள் இப்படித்தான், ஆள் பார்த்து ஒப்புக்கொள்வார்கள்.

என்னைத் துக்கத்தில் உழலும் மனிதன் என்று எண்ணிவிடாதீர்கள். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. பின்வளவில் சோளமும் கத்தரியும். இரண்டு பிள்ளைகள், அன்பான மனைவி... குறை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். என் சங்கடமே அதுதான். குற்றம் செய்தவன் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு, இவ்வளவு நிம்மதியாக உறங்கலாமா?

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆடம்பரம் ஒரு சீடி பிளேயர். சூரியத் தகட்டில் ஏற்றிய பற்றரியில் பாடும். வவுனியாவுக்குப் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டு இறுவட்டுகளாகச் சேர்த்தேன். அலுமாரித் தட்டு நிரம்பி, கதிரை நிரம்பி, கடைசியில் அடுப்படிக் குசினிக்குள்ளும் புகுந்துவிட்டன. வன்னிப் புழுதி தெரியுமல்லவா? ராணி ஒவ்வொன்றையும் சீலைத் தலைப்பால் துடைத்துத்தான் உள்ளே போடுவாள்.

அந்தக் குவியலில் ஒன்றுதான் மாமாவின் இறுவட்டு.

மாமா, ராணியின் தகப்பன், மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். நான் ராணியைக் கட்டும்போது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அவர் குரல் இருந்தது. பொழுதுபட்டதும் விளையாடப்போன பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அவரே கட்டிய பாட்டு அது. யாரோ ஒருவர் எப்போதோ ஒலிநாடாவில் பதிந்து வைத்ததை, வவுனியாவில் இருக்கும் ராணியின் அண்ணன் இறுவட்டாக்கி அனுப்பியிருந்தார்.

"கருக்கல் வந்து கதவத் தட்டுது, கஞ்சி ஆறுது வாடா முத்தையா" என்று தொடங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடி, ஒரு கேலி. மரமேறுகிறவனுக்கு ஒன்று, மூக்கு ஒழுகுகிறவளுக்கு ஒன்று. கடைசிப் பிள்ளை ராணி. அவளுடைய பெயர் பாட்டின் முடிவில்தான் வரும்.

தன் பெயர் வரும் இடத்தில் ராணி எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிடுவாள். கத்தியும் கையுமாக, அகப்பையும் கையுமாக, அப்படியே நின்று கேட்பாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல மறுபடி நறுக்கத் தொடங்குவாள்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கணினிப் பைத்தியம் பிடித்தது.

பழைய கணினி ஒன்று வவுனியாவில் கிடைத்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றும்போதெல்லாம் பதைபதைத்து, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். இனி இறுவட்டே வேண்டாம், வீட்டில் இருக்கும் பாட்டு முழுவதையும் இந்தப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறேன் பாருங்கள் என்று ஒழுங்கை முழுவதும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்!

எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் என்பது சந்திக் கடைக்கார அண்ணரின் ஜெனரேற்றர்தான். பொழுதுபட இயக்குவார். வயர் இழுத்த வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் வரும். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் இயந்திரத்தை ஒருதரம் தணித்து ஏற்றுவார். விளக்குகள் மங்கி மீளும். மங்கினால் உடனே தொலைக்காட்சியையும் கணினியையும் ஒழுங்காக நிறுத்திவிட வேண்டும். அது ஒழுங்கையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

நாள்தோறும் அந்த வெளிச்சம் இருக்கும் பொழுதுக்குள் ஒவ்வொரு இறுவட்டாகப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். மாமாவுடையதை ஏன் கடைசிக்கு வைத்தேன்? மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அதில் ஒரே ஒரு பாட்டுத்தானே, எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற அலட்சியம்.

அன்று விளக்கு மங்கி மீண்டது. நான் கண்டேன்! காணவில்லை என்று உங்களிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன். கண்டும், "ஒரு பாட்டுத்தானே, ஏறிவிடும்" என்று மாமாவின் இறுவட்டை உள்ளே தள்ளினேன். எல்லாம் முடிந்தது என்று ராணியிடம் அன்றைக்கே பெருமையடிக்க வேண்டும் எனக்கு. பச்சைக் கோடு திரையில் ஏறிக்கொண்டிருந்தது... முக்கால் தாண்டியது... ஜெனரேற்றர் நின்றது.

ஏறியிருக்கும் என்றே நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா?

அது சோளம் முற்றி, கிளி விழுந்துகொண்டிருந்த காலம். மறுநாள் காலை கணினியைப் போட்டுப் பார்க்க மின்சாரம் இல்லை. கிளி மட்டும் இருந்தது. பழைய இறுவட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், கிளி அண்டாது. பக்கத்து வளவுகளில் எல்லாரும் செய்வதுதான். நான் ஒன்றொன்றாகக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தேன். ராணி எடுத்துத் தந்துகொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் தராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாட சீடியையுமோ கட்டப்போறியள்?"

"எல்லாம் கொம்பியூட்டருக்கை ஏத்தியாச்சு. இனி இது வெறும் தகடு. கிளி கலைக்கவாவது உதவட்டும்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம், ஓம். பாத்தனான்."

தந்துவிட்டாள். என் சொல்லை நம்பித் தன் கையாலேயே எடுத்துத் தந்தாள்.

சில நாட்களில் மாமாவின் ஆண்டுத் திவசம் வந்தது. படையல் முடிந்து, மாலையில் வெளிச்சம் வந்ததும் பாட்டைப் போடச் சொன்னாள் ராணி. பிள்ளைகளை இரண்டு பக்கமும் இருத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். மாமா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வந்தார். கடைசியில் ராணியின் முறை. "கருக்கல் வந்து கதவத் தட்டுது, கஞ்சி ஆறுது..."

அவ்வளவுதான். அடுத்த கணம் தடதடவென்று, கணினியில் வரிசையில் அடுத்திருந்த ஒரு சினிமாக் குத்துப்பாட்டு!

பின்வளவுக்கு ஓடினேன். காற்றில் கம்பியோடு உரசி உரசி, வெயிலில் மேல்பூச்சு உரிந்து, மாமாவின் இறுவட்டு சோளத்துக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. அவிழ்த்து வந்து பிளேயரில் போட்டேன். அது சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே தகடே இல்லை என்று காட்டியது.

ராணி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? தெரியாது. அவள் ஏசவில்லை. "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

என் வாய் எனக்கு முன்னே போய்விட்டது.

"ஏத்தேக்கையே இதிலை கீறு இருந்திருக்கு. அதுதான் பாதியிலை நிண்டுட்டுது. நீ சீலையாலை துடைச்சுத் துடைச்சு... புழுதி பட்டுக் கீறியிருக்கு."

அவள் இறுவட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் சீலைத் தலைப்பைப் பார்த்தாள்.

"ஓம்... நான்தான். அப்பாவை நானே துடைச்சு அழிச்சுப்போட்டன்."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் அவளைக் கட்டியபோது என் வீட்டார் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மலையகத்தாரின் மகள் என்பதால் தோட்டக்காட்டுப் பெட்டை என்று காதுபடவே சொன்னார்கள். வந்த புதிதில் இந்த வீட்டில் ஒரு கோப்பை உடைந்தாலும் அவள் கைதான் காரணம். அதனால் யார் கேட்டாலும் "நான்தான்" என்று முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதன் மேல் ஏறி நின்று தப்பித்தேன்!

"அண்ணனிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்சினாள். நானும் பெருந்தன்மையோடு தலையாட்டினேன். என் பெருந்தன்மையை என்னவென்பது...

சில மாதங்கள் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, அறும் இடம் வருமுன்பே ராணி எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். போடவேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் மகள் கேட்டாள், "அதுக்குப் பிறகு என்னம்மா வரும்?" ராணி குசினி வாசலில் நின்றாள். பிறகு, எந்த முன்னேற்பாடும் இல்லாமல், விட்ட இடத்திலிருந்து பாடினாள். "வாடி ராணி" என்று தன்னைத் தானே கூப்பிட்டாள்.

என் மனைவிக்கு இப்படிப் பாட வரும் என்று எனக்குத் தெரியாது! கல்யாணம் கட்டி இத்தனை வருடமாகியும் தெரியாது!

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாமா அறுந்த இடத்தில் ராணி தொடங்குவாள். தன் பெயரோடு நிற்காமல் மகளுக்கு ஓர் அடி, மகனுக்கு ஓர் அடி கட்டிக்கொண்டாள். ஒருநாள் எனக்கும் ஒன்று கட்டினாள், கணினிக்கு முன்னால் குந்தியிருந்து கஞ்சியை ஆறவிடும் மனிதன் என்று! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தா.

இந்த நாட்களில்தான் வேலை அலுவலாக வவுனியாவுக்குப் போனேன். ராணியின் அண்ணன், என் மச்சான் வீட்டில் தங்கினேன். என் பாவத்தைக் கழுவிவிட வேண்டும் என்ற துடிப்பு உண்மையாகவே இருந்தது, நம்புங்கள்.

"மச்சான், மாமாட பாட்டு உங்களிட்ட இருக்கோ? பாதுகாப்புக்கு இன்னொண்டு வைச்சிருப்பம்" என்றேன்.

"இல்லாம என்ன? கம்ப்யூட்டர்ல கெடக்கு. தங்கச்சி கேட்டாளா?"

"இல்லை, நான்தான்."

உடனேயே இறுவட்டில் அடித்துத் தந்தார். வாங்கிப் பைக்குள் வைத்தபோது எவ்வளவு எளிது என்று வெட்கமாக இருந்தது. வழி முழுவதும் ராணியின் முகம் எப்படி மாறும் என்று எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது பட்டுவிட்டது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமா அறுந்தார். ராணி எடுத்தாள். பிள்ளைகள் கூடச் சேர்ந்தார்கள். நான் வேலிப் படலையைத் திறக்காமல் அங்கேயே நின்றேன்.

முழுப்பாட்டைக் கொடுத்துவிட்டால்? மாமாவே கடைசிவரை பாடிவிடுவார். ராணி பழையபடி கத்தியும் கையுமாக நின்று கேட்பாள். பாடமாட்டாள்!

நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் மாலை வெளிச்சம் வந்த பிறகு, அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் அதைக் கணினியில் ஏற்றி, "பழைய சுற்றறிக்கைகள்" என்று பெயரிட்ட கோப்புறைக்குள் ஒளித்தேன். அந்தப் பெயரைப் பார்த்து உலகத்தில் எவரும் உள்ளே நுழையமாட்டார்கள். விளக்கு மங்கியதை அலட்சியம் செய்தவன், ஒளிப்பதில் மட்டும் எவ்வளவு கவனம் பாருங்கள்!

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் பாடுகிறாள், நான் கேட்கிறேன். அவளுடைய தகப்பனை அவளிடமிருந்து மறைத்து வைத்துக்கொண்டு நான் இன்பமாக இருக்கிறேன். இதற்கு என்ன பெயர்? அன்பு என்று சொல்லிப் பார்த்தேன், அந்தச் சொல் ஒட்டவில்லை. களவு என்றேன், அது ஒட்டியது. ஆனாலும் விடமுடியவில்லை...

போன கிழமை ராணி சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டோ? அப்பா கடைசியிலை என்ர பேரை ஒருக்காலோ ரெண்டு தரமோ கூப்பிடுறவர்? முந்தி நல்லா நினைவிருந்தது. இப்ப பாடிப் பாடி எது அப்பாட, எது என்ர எண்டு தெரியேல்லை."

எனக்குத் தெரியும். சில நாட்களுக்கு முன்னர்தான், தனியே இருந்தபோது ஒளித்துவைத்த முழுப்பாட்டையும் போட்டுக் கேட்டிருந்தேன். மாமா இரண்டு தரம் கூப்பிடுகிறார். மற்றப் பிள்ளைகளையெல்லாம் ஒரேயொரு தரம்தான். இவளை மட்டும் "வாடி ராணி" என்று உரத்து ஒருதரம், பிறகு "ராணி" என்று தணிந்த குரலில், கிட்ட வந்துவிட்ட பிள்ளையை மடியில் தூக்குவது போல இன்னொரு தரம்.

"ரெண்டு தரம்" என்று சொல்வதில் எனக்கு என்ன நட்டம்? அவள் ஏன் எதற்கு என்று துருவியிருக்கமாட்டாள். என் நினைவை நம்பியிருப்பாள், அந்த இறுவட்டைக் கையில் தந்த அன்றைப் போலவே. ஆனால் கள்ளனுக்கு எந்தக் கேள்வியும் விசாரணைதான்!

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

அவள் அடுத்த சோளத்தை எடுத்து உரித்தாள்.

"ஒருக்காலாத்தான் இருக்கும். எல்லாரையும் ஒருக்கால் கூப்பிட்ட மனுசன் என்னை மட்டும் ஏன் ரெண்டு தரம் கூப்பிடப்போறார்?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்று மாலை வெளிச்சம் வந்தது. மாமா பாடினார், அறுந்தார். ராணி எடுத்துப் பாடினாள். தன் பெயரை ஒருதரம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பெயருக்குப் போய்விட்டாள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரியா இருக்கோ?" என்று கேட்டாள்.

நல்லாயிருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.