மூலையிலிருந்து வெளியே வந்த கால்

கணவரின் விறைத்துப்போன வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்தக் கையின் ஒற்றைக் குத்துக்காகத்தான் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனான அவரை ஊர் அறிந்திருந்தது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாக அவர் கட்டிலோடு கிடந்தார். சன்னல் தலைமாட்டில் இருந்ததால் வெளியே பார்க்கவும் வழியில்லை. நூற்றுப் பத்து கிலோ உடம்பை அவளால் தூக்க முடியாது. நாற்காலிக்குக்கூட மாற்ற முடியாவிட்டால் திங்கட்கிழமை பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவதாக மகள் சொல்லிவிட்டாள்.

கட்டிலோரம் உட்காரவைத்தபோது, அவர் பழக்கதோஷத்தில் வலது கையை ஊன்றப்போய்ப் பின்னால் சாய்ந்து விழுந்தார்.

"இன்னும் அந்தக் கையவே நம்பிக்கிட்டு இருக்கீங்களா? அது ரிட்டயர் ஆயிடுச்சு."

"வேற என்ன இருக்கு என்கிட்ட?"

"பதினோரு வருஷம் குத்துச்சண்டை மேடையில உங்க மூலையில தண்ணி பாட்டிலோட நின்னவ நான். எதிராளி மூலையில மடக்கினா குத்தவா செஞ்சீங்க? அவன் தோள்ல தலையைச் சாய்ச்சு, மூச்சு வாங்கி, இடது காலைத் திருப்பி நழுவி வந்துடுவீங்க. அதனாலதான் கடைசி வரைக்கும் நின்னீங்க."

அவர் முறைத்தார். "இப்ப உன்னைக் கட்டிப்பிடிக்கணுமா?"

"அவனுங்கள விட நான் மோசமா?"

குனிந்து தோளைக் கொடுத்தாள். அவர் தலையைச் சாய்த்து மூன்று முறை மூச்சு விட்டார். உடம்பின் எடை முன்னால் வந்தது. இடது பாதம் திரும்பியது. கட்டிலை ஒட்டி, சன்னலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி அவர் எடையில் கிறீச்சிட்டது.

மறுநாள் காலையும் அப்படியே செய்தார்கள். காலியாக இருந்த கட்டிலில் அவள் விரிப்பை மாற்றிவிட்டு, மகளுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றாள்.