பந்தயம் கட்டிப் படகேறினேன்

என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகத்தைத் தறிக்குழியில் உட்கார வைப்பதும் குரங்கைக் கட்டிப்போடுவதும் ஒன்றுதான். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த மனிதர். கால் மிதியில் இருக்கும், கண் வாசலில் இருக்கும். இழை அறுந்தால்கூடத் தெரியாது. கல்யாணமான மறுவருஷமே தறியை என் தலையில் கட்டிவிட்டு, பாலாறு கடலில் சேருகிற இடத்தில் சவுக்கு விறகு ஏற்றும் பாய்ப்படகுக்கு வேலைக்குப் போய்விட்டார். காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பாலாறு என்றால் மணல்தானே, அதில் படகா என்று தெருவே சிரித்தது. மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

எப்போதாவது வருவார். உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றம், முகமெல்லாம் சிரிப்பு. திட்டலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், காற்று எப்படித் திரும்பியது, பாய் எப்படி விம்மியது என்று கையை வீசிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பாவி மனுஷன், என் கோபமெல்லாம் எங்கே போகும் என்றே தெரியாது.

ஆனால் கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் வேண்டும். உடலை நெய்ய ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள, அதாவது குறுக்கு இழைக் கட்டையை ஓட்ட, ஒருவர். என் பக்கத்து இடம் காலி. அறுபத்துநாலாம் வருஷம் தை மாதம் பொறுமை போய், படகா நானா என்று கேட்டேவிட்டேன். அவர் ஒரு பந்தயம் வைத்தார். ஒரு நாள் நான் படகில் வர வேண்டும். காலையில் ஆற்றில் கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் என்னைக் கடலோரச் சதுரங்கப்பட்டினம் துறையில் இறக்கிவிட்டால் அவர் படகிலேயே இருந்துகொள்வார். முடியாவிட்டால் தறிக்கே வந்துவிடுவார். சொன்ன சொல் மாறாதவர், அதனால் சரி என்றேன்.

போன அன்று பார்த்து அவர் கூட்டாளி பழனிக்குக் காய்ச்சல். பாய்க்கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். எதிர்க்காற்று. படகு நேராகப் போகாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக அலைந்தது. வழி தெரியாமல் சுற்றுகிறீர்களா என்று கேட்டேன். நாடாவும் குறுக்கேதானே ஓடுது, புடவை வளரலையா என்றார்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கடல் பக்கம் வடிந்துபோய், நடு ஆற்றில் மணல்திட்டில் படகு தட்டி நின்றுவிட்டது. கோலை ஊன்றித் தள்ளித் தள்ளி அவர் ஓய்ந்துபோனார்.

"கடல் தண்ணி திரும்பி மேல வரும்மா. படகு அசைஞ்சா உடனே எழுப்பு. விட்டா காத்து விழுந்துடும், இன்னிக்குப் போய்ச் சேர முடியாது" என்று சொல்லித் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பந்தயமும் என்னோடு, காவலும் என்னிடம். இப்படியும் ஒரு ஆள் உண்டா!

வெயில் சாய்ந்தது. சொட்டு மழையில்லை. ஆனால் நுரையும் சருகும் மேற்கே, எங்கள் ஊர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. ஆறு பின்னால் போகுமா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அவர் சொன்ன கடல் தண்ணி இதுதான் என்று அப்புறம்தான் உறைத்தது. அடியில் மணல் உரச, படகு லேசாக அசைந்தது.

நான் சும்மா இருந்தாலே போதும். நாளையிலிருந்து அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவார், சாகிறவரைக்கும் தள்ளுவார். எனக்கு அதுதானே வேண்டும்? அவரைப் பார்த்தேன். தூக்கத்திலும் ஒரு கை சுக்கான்மேல் இருந்தது, முகத்தில் அத்தனை நிம்மதி. தறியில் அவர் முகம் எப்படிச் செத்துக்கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது.

"ஏங்க, எழுந்திருங்க. தண்ணி வந்துக்கினு இருக்குது."

பதறி எழுந்தவர் தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எழுப்பாமயே விட்டிருக்கலாமே, தில்லை" என்றார்.

"பாயை ஏத்துங்க. இருட்டப் போகுது" என்றேன்.

துறையில் என்னைக் கைப்பிடித்து இறக்கியபோது கடைக்காரர் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏற்றவில்லை. மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். கரைக்கு நாடா தள்ள வருகிறீர்களா என்று பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாளைக் கேட்டேன்.