சங்கிலி பதிந்த கட்டை

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பம்புசெட்டு வாசலில் வேப்பங்கட்டை ஒன்று கிடக்கிறது. ஓர் ஆள் நீளம் இருக்கும். இரு முனையிலும் சங்கிலி அறுத்த பள்ளம். முன்பெல்லாம் சேற்றில் டிராக்டர் புதைந்தால், பின்சக்கரங்களுக்குக் குறுக்கே அந்தக் கட்டையைச் சங்கிலியால் கட்டுவோம். சக்கரம் சுழலும்போது கட்டை அடியில் போய் வண்டியை மேலே தள்ளும். சில நேரம் வண்டி நகராமல் மூக்கு மட்டும் எழும்பும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கம் ரோட்டில் விடுதி வேலை, கிணறு வெட்டு என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில், அக்கா என்று நான் கூப்பிடும் அந்தப் பம்புசெட்டுக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அதுவரை எந்த இடத்திலும் இருந்து இரண்டு கார்த்திகை தீபம் பார்த்ததில்லை. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நிலமும் வாடகைக்கு ஓடும் பழைய டிராக்டரும் அக்காவின் பொறுப்பு.

ஓர் ஐப்பசியில், ஏரி மதகை ஒட்டிய கழனியில் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. கட்டையைக் கட்டி கிளட்சை விட்டேன். முன்சக்கரங்கள் எழும்பின. ஸ்டியரிங்குக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது. கிளட்சை மிதித்ததும் வண்டி தொப்பென்று விழுந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் அப்படித்தான் வண்டி பின்னால் கவிழ்ந்து அதற்கு அடியில் போயிருந்தார். வரப்பில் நின்ற அக்கா, "எறங்கி வா தம்பி. அது கெடக்கட்டும்" என்றார்.

மறுநாளே கிளம்புகிறேன் என்றேன்.

"புது வண்டி வர்ற வரைக்கும் இரு. அப்புறம் ஓடு. ஒன்ன யாரு கட்டி வைக்கப்போறாங்க?"

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அப்போது எங்கள் பக்கம் புதிது. திருவண்ணாமலை ஷோரூமில் அக்காவின் கொழுந்தனார் அதை ஒரு சுற்று சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார். "அண்ணி, நம்மளுது முக்காவாசி மல்லாட்டக் கொல்ல. டூ வீலே போதும். இது வெலையும் ஜாஸ்தி, டீசலும் ஜாஸ்தி. துண்டு கொல்லயில திருப்ப எடம் பத்தாது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை; நிலத்தில் முக்கால்வாசி வேர்க்கடலை போடும் மேட்டுக்கொல்லைதான். அக்கா ஷோரூம்காரரிடம், "நம்ம கழனிக்கு எடுத்துட்டு வாங்க. பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

வண்டி வந்தது. அதே மதகோரத்தில் அதுவும் புதைந்தது. கொழுந்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முன்ன ரெண்டு முழுவும். இப்ப நாலும் முழுவிடுச்சி."

வண்டியோடு வந்த கம்பெனி டிரைவர் ஒரு லீவரைத் தள்ளிவிட்டு ரிவர்ஸ் போட்டார். முன்சக்கரங்களும் சேர்ந்து சேற்றைப் பிடித்தன. கொழுந்தனாரின் வேட்டியெல்லாம் சேறு. வண்டி வந்த தடத்திலேயே ஊர்ந்து ஏறி, வரப்போரம் நின்றது. யாரும் கட்டையைத் தொடவில்லை.

அக்கா வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது போதுமா ஒனக்கு?"

நான் ஓட்டப்போகும் வண்டியைப் பற்றி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. "கொல்லயில திருப்பறது செரமம்க்கா" என்றேன்.

"ரெண்டு தடவ ரிவர்ஸ் போட்டுத் திருப்பு. வேற இன்னா வேல ஒனக்கு?"

அந்த வண்டியோடு எத்தனையோ தீபம் அங்கேயே பார்த்தேன். பிறகு கால் அரித்தது, போனேன்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது, அக்காவின் இப்போதைய டிரைவர் கட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதகோரக் கழனியை உழுது முடித்துவிட்டு வந்திருந்தார். பள்ளத்தைத் தடவி, "இது இன்னாண்ணா, மாடு கட்டுன தடமா?" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.