ஐம்பத்திரண்டு மீட்டரில் ஒரு பெருச்சாளி

துறைமுகத்தில் கிரேன் நின்றுபோன ஒரு மத்தியானம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கூடினால் கன்டெய்னர் தூக்கும் கிரேனை நிறுத்திவிடுவார்கள். கிரேன் நின்றால் லாரிகள் நிற்கும். லாரிகள் நின்றால் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் என் வேலையும் நிற்கும். நான் ஜன்னலோரம் நின்று, அந்தரத்தில் வெறும் கொக்கி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை போன் செய்தாள்.

“ஏளா மருமவளே, வயல்ல தண்ணி பூரா போயிட்டு.”

“எங்கன போச்சு?”

“பக்கத்து வயலுக்கு. அங்கன ஏற்கெனவே தண்ணி கெடக்கு. இப்ப அவுக நீச்சலே அடிக்கலாம்.”

அத்தை என் அப்பாவின் தங்கை. உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் பிறந்து, தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். வயல் அத்தையின் பொறுப்பு. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். எங்கள் முறை வந்து வயலை நிறைத்த அன்று ராத்திரியே ஒரு பெருச்சாளி வரப்பைக் குடைந்து, விடிவதற்குள் எல்லாவற்றையும் வடித்துவிட்டது. அத்தை பொந்தை அடைத்தாள். அது இரண்டு முழம் தள்ளிப் புதிதாகத் தோண்டியது. மறுபடி அடைத்தாள். மறுபடி தோண்டியது. இருவருக்கும் வேறு வேலை இல்லாததுபோல ஒரு வாரம் இப்படியே போன பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

பயிர் அப்போது பொதியில் இருந்தது. இன்னும் சில நாளில் கதிர் வெளியே வரும். அடுத்த முறைத் தண்ணீரும் நிற்காமல் போனால் வருவது கதிராக இருக்காது, பதராக இருக்கும். அடுத்த முறைக்குப் பத்து நாள் இருந்தது.

கூண்டு வைத்தாயிற்று. பெருச்சாளி கருவாட்டை எடுத்துக்கொண்டு கூண்டை விட்டுவிட்டுப் போனது. மருந்து வைக்க முடியாது. அத்தையின் நாய் உலகத்தில் எதையும் தின்னும், போன மாதம் மாமாவின் செருப்பைத் தின்றது. ஆள் வைத்து வரப்பை வெட்டிப் பிடிக்கலாம்தான். அதற்கு வரப்பை வெட்ட வேண்டும். பெருச்சாளி செய்வதும் அதைத்தான். பக்கத்தில் போய் அடிக்கவும் வழியில்லை. வரப்பில் கால் வைத்ததுமே அதற்குத் தெரிந்துவிடும்.

“அத்தை, அது எப்ப வெளிய வரும்?”

“பொழுது சாயையில. ஏன், பாத்துப் பேசப் போறியா?”

கல்லூரியில் என்.சி.சி.யில் மூன்று வருடம் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். அதன் பிறகு சொந்தமாக ஒரு ஏர்கன் வாங்கினேன். லைசென்ஸ் தேவையில்லாத வகை. கேட்பவர்களுக்குக் காட்ட பில்லையும் உறையிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை காகித வட்டங்களை மட்டுமே சுட்டிருந்தேன். காகித வட்டம் யாருடைய வயலையும் வடித்ததில்லை. அந்தக் கொக்கி ஆடுவதைப் பார்த்தபடியே தீர்மானித்தேன்: தூரத்திலிருந்து சுட வேண்டும். அதற்கு இந்தத் துப்பாக்கி போதாது, இதைத் திருத்த வேண்டும்.

முதலில் கட்டை. தொழிற்சாலையில் வந்த பிளாஸ்டிக் கட்டை என் தோளுக்குச் சேரவில்லை. வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவர் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் குடியிருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் முன்னணியம்?” என்றார், வள்ளத்தின் முகப்பைக் கேட்பதுபோல.

“குழாய் இருக்கே, அந்தப் பக்கம், அண்ணாச்சி.”

“தண்ணியில மெதக்கணுமா?”

“வேண்டாம். ஆடக் கூடாது, அம்புட்டுதான்.”

மூன்று நாளில் புன்னை மரத்தில் செய்து கொடுத்தார். அடிப்பக்கம் அகலமாக, லேசான வளைவோடு, ஒரு சின்ன வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டது போலிருந்தது. மீன் எண்ணெய் பூசியிருந்தார். துப்பாக்கி ஆடவே இல்லை. ஆனால் தெருவில் எந்தப் பூனையும் அதற்குப் பிறகு என்னை விட்டு விலகவில்லை. நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றை வாங்கி, டப்பாவிலிருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, ஒரே எடையுள்ளவற்றைத் தனியாக எடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பருப்பிலும் கல் பொறுக்கித் தரச் சொன்னாள்.

குறி பார்த்துச் சரிசெய்ய, தோழி வீட்டு உப்பளத்துக்குப் போனேன். காலி மக்ரூன் பலகார டப்பாவை ஐம்பது மீட்டரில் வைத்து, பின்னால் உப்புக் குவியல் தடுப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தோழியின் அப்பா ஓடி வந்தார்.

“ஏளா, உப்புக்குள்ள ஈயம் கெடந்தா எவன் வாங்குவான்? மண் மூட்டை வையி!”

மண் மூட்டை வைத்தேன். உப்பளம் உள்ளங்கை போலச் சமதளம். காற்றுக்கு ஒளிய இடமில்லை. இவ்வளவு காற்றுக்குக் குண்டு எத்தனை விரல் விலகுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாள் முடிவில், எந்தக் காற்றிலும் டப்பாவின் மூடியில் அச்சடித்த முந்திரியைத் தொட்டேன். உலகம் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அத்தையின் வயலில் ஓடாத பம்புசெட்டு அறை ஒன்று உண்டு. அதன் வாசலில் சாக்கை விரித்துப் படுத்தால் பொந்து நேர் எதிரே தெரியும். சர்வே டேப் பிடித்து அளந்தோம்: ஐம்பத்திரண்டு மீட்டர். பொந்துக்குப் பின்னால் கெட்டியான வரப்பு. குண்டு தாண்டிப் போகாது. மேற்கே வாய்க்காலின் உயர்ந்த கரை, அதன்மேல் மூன்று பனைகள். இனிக் காற்று மட்டும்தான் தெரிய வேண்டும். எங்கள் குடும்பத்தில் காற்று என்றால் பனையோலைதான். ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது, எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்த்துத்தான் துணி காயப்போடுவதே.

“ஓல என்ன போடு போடுதுன்னு பாரு. நல்ல கச்சான்” என்றாள் அத்தை.

நானும் பார்த்தேன். நோட்டைப் புரட்டினேன். ஆறு விரல் என்றது.

பொழுது சாயும்போது பெருச்சாளி வெளியே வந்தது. பூனைக்குட்டி அளவு. துப்பாக்கியின் ஸ்கோப்புக்குள் அதன் மீசைகூடத் தெரிந்தது. ஆறு விரல் மேற்கே ஒதுக்கி, மூச்சை நிறுத்தி, சுட்டேன். அதற்குச் சரியாக ஆறு விரல் மேற்கே சேறு தெறித்தது. பெருச்சாளி தெறித்த இடத்தைப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாக உள்ளே போனது.

“பக்கத்துல ஒரு குழி போட்டுக் குடுத்திருக்க. அதுக்கு ஒரு ஜன்னல்” என்றாள் அத்தை.

மறுநாள் ஓலை இன்னும் பலமாகச் சாடியது. எட்டு விரல் ஒதுக்கினேன். எட்டு விரல் தள்ளிப் பட்டது.

“ஏளா, நீ அத சுடுதியா, இல்ல கோடு போட்டு வெளாடுதியா?”

கோபம் துப்பாக்கிமேல் வந்தது, பிறகு ஓடாவிமேல், பிறகு நோட்டின்மேல். வீட்டுக்கு வந்து திருகுகளை எல்லாம் முடுக்கிப் பார்த்தேன். எதுவும் தளரவில்லை. மூன்றாம் நாள் சுடாமல், போனை வீடியோவில் போட்டுப் பொந்தருகே ஒரு மண்கட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன். அதன் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் எண்ணம். வீடியோவில் அது வந்து தன் வயிற்றைச் சொறிந்தது. பின்னணியில் பனையோலை மழை போலச் சத்தம் போட்டது. பொந்துக்கு மேலே, வரப்புப் புல்லில் ஒரு சிலந்தி வலை. அது அசையவே இல்லை.

அதை நாலு தரம் பார்த்தேன். காற்று முழுக்க மேலே, கரைக்கு மேலே, பனந்தலையில். கரையின் மறைவில் கிடந்த வயலில் ஒன்றும் இல்லை. உப்பளத்தில் மேலும் கீழும் ஒரே காற்று, இங்கே அப்படியில்லை. நானும் அத்தையும், எங்களுக்கு முந்திய எல்லோரும், பனை உயரத்துக் காற்றைத்தான் காற்று என்று நம்பி வந்திருக்கிறோம். துணிக்கு அது போதும். ஈயக்குண்டு பனை உயரத்தில் போவதில்லை.

மறுநாள் அத்தையின் பழைய சேலை ஒன்றைக் கேட்டேன். விரலகலத்தில் கிழித்து, குச்சிகளில் கட்டி, குண்டு போகும் வழிநெடுக முழ உயரத்தில் நட்டேன். பச்சை வயலோரம் சிவப்பு நாடாக்கள். பக்கத்து வயல்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னம்மா, வயலுக்குக் கொடைத் திருவிழாவா?”

“ஆமா அண்ணாச்சி” என்றாள் அத்தை. “வரி எழுதுதீங்களா?”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் முறைக்கு முந்தின நாள் சாயங்காலம். மேலே ஓலை தலைவிரித்து ஆடியது. கீழே நாடாக்கள் சும்மா தொங்கின. ஒன்று மட்டும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் அசைந்தது. பழக்கதோஷத்தில் என் கண் இரண்டு தரம் பனைக்குப் போயிற்று. அத்தை நாயின் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெருச்சாளி வந்தது. நேராகத் தலையில் குறிவைத்தேன், ஒரு விரலும் ஒதுக்கவில்லை. சுட்டதும் அது இருந்த இடத்திலேயே சாய்ந்தது. கால்கூட உதறவில்லை.

அத்தை நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு, “பாவம், நல்ல சதைப்பிடிப்பா இருந்திருக்கு. எல்லாம் நம்ம நெல்லு” என்றாள். குழி தோண்டிப் புதைத்தோம். நாய் பக்கத்தில் உட்கார்ந்து இடத்தைக் குறித்துக்கொண்டது.

விடிந்ததும் தண்ணீர் வந்தது, வயல் நிறைந்தது, நின்றது. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, நின்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மேற்கு மூலையிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

“ஏளா, இங்கன வா. ஒன் ஆளுக்குப் பொண்டாட்டி இருந்திருக்கு.”

வாய்க்கால் பக்கத்து வரப்பில் இன்னொரு பொந்து. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. அத்தை முழங்கால்வரை சேற்றில் இறங்கி, சாக்கை உருட்டித் திணித்து, மேலே மண்ணை மிதித்தாள். நானும் மிதித்தேன். பாதித் தண்ணீரைக் காப்பாற்றிவிட்டோம். பயிருக்கு இப்போதைக்கு அது போதும், அடுத்த முறைவரை தாங்கும், சாக்கு தாங்கினால், என்றாள்.

இந்தப் பொந்தின் மறுபக்க வாய் வாய்க்காலைப் பார்த்திருக்கிறது. பம்புசெட்டிலிருந்து தெரியாது. இரண்டு பக்கமும் செங்குத்துக் கரை, படுக்க இடமில்லை. பொந்து தெரிகிற ஒரே இடம், நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி, வாய்க்காலின் நடுவில், தண்ணீருக்கு மேலே. ஓடாவிக்குப் போன் செய்தேன்.

“அண்ணாச்சி, இப்ப மெதக்கணும்.”

“துப்பாக்கியா, நீயா?”

“ரெண்டும்.”

ஆறடிப் பலகையில் மிதப்பு ஒன்று சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாலு மூலையிலும் கயிறு போட்டு இரண்டு கரையிலும் கட்டலாம்; அப்போதும் ஆடத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆடுகிற இடத்திலிருந்து நான் சுட்டதில்லை. அதனால் இந்த வாரம் கிரேன் நிற்கும்போதெல்லாம் ஜன்னலோரம் போய்க் கொக்கியைப் பார்க்கிறேன். எவ்வளவு ஆடினாலும், ஒவ்வொரு பக்கமும் ஆட்டம் முடிந்து திரும்பும் இடத்தில் அது ஒரு கணம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த ஒரு கணத்தில், சுட்டுப் பார்க்கப்போகிறேன்.